வியர்வையும் நம் வாழ்வும்

(எண்ணூரில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவதே வழக்கம். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ வியர்வை. இஃது என்ன தலைப்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உழைப்பாளியின் வியர்வையைப் புகழ்ந்து பேசிய மேடைகள் இந்நாட்டில் பல உண்டு. ஆனால் அந்த வியர்வை ஒருவனுடைய படிப்பையும் தொழிலையும் மண வாழ்வையும் எவ்வாறு தடுக்கக்கூடும் என்பதை எந்த மேடையும் பேசியதாகத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் சிலர் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படும் துன்பம் அது. ஆதலின் அதைப் பற்றிப் பேசுவதும் கல்விப் பணியே என்று கருதி இங்கு வந்திருக்கிறேன்.

வியர்வை எதற்காக?

முதலில், வியர்வை நம் பகையன்று என்பதை அறிய வேண்டும். மனித உடலில் ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடலின் வெப்பம் உயரும்போது மூளையிலிருந்து பரிவு நரம்புகளின் வழியாகக் கட்டளை வருகிறது. சுரப்பிகள் நீரைத் தோலின்மேல் கசியவிடுகின்றன. அந்த நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும்.

ஆவியாக வேண்டும் என்பதே இதில் முக்கியம். நம் எண்ணூரோ ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரமும் சூழ்ந்த ஊர். காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வழிந்து வீணாகிறது; உடலும் குளிர்வதில்லை, உடையும் உலர்வதில்லை. கொதிகலன் முன்னும், வார்ப்பாலையின் உலை முன்னும், உப்பளத்தின் வெயிலிலும், துறைமுகத்தின் கரித்தூளிலும் நிற்பவர்க்கு இதனை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எது மிகைவியர்வை?

வெயிலில் வியர்ப்பதும் உழைக்கும்போது வியர்ப்பதும் இயல்பு. ஆனால் விசிறியின் கீழ் அமைதியாக அமர்ந்திருக்கும்போதும் சிலருக்கு உள்ளங்கையிலிருந்து நீர் சொட்டுகிறது. சிலருக்கு உள்ளங்கால், சிலருக்கு அக்குள், சிலருக்கு முகம். உடலுக்குத் தேவையான அளவைக் கடந்து சுரக்கும் இந்நிலையையே மிகைவியர்வை என்கிறோம். இவர்களுடைய சுரப்பிகளில் குறையில்லை. சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகளே அளவுக்கு மீறி விழிப்பாக இருக்கின்றன.

இதன் அடையாளங்கள் தெளிவானவை. உடலின் இரு பக்கமும் ஒரே அளவில் வியர்க்கும். பெரும்பாலும் சிறு வயதிலோ விடலைப் பருவத்திலோ, எப்படியும் 25 வயதுக்குள், தொடங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறையேனும் தோன்றும். ஆறு மாதங்களுக்கு மேலாக நீடிக்கும். குடும்பத்தில் தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இருக்கக்கூடும். எல்லாவற்றிலும் மேலாக, உறங்கும்போது நின்றுவிடும். இந்தக் கடைசி அடையாளத்தை மறவாதீர்கள்; பின்னர் இதற்குத் திரும்ப வருவேன்.

இஃது அரிய நோயன்று. 2004ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கக் கணிப்பொன்று, அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கு இது இருப்பதாகக் கூறிற்று. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களில் பலர் மருத்துவரிடம் செல்வதே இல்லை. 'இதற்கும் ஒரு வைத்தியமா?' என்று எண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர்.

வாழ்வில் ஏற்படும் தடைகள்

'உயிருக்கு ஆபத்தில்லையே, பிறகு என்ன கவலை?' என்று கேட்பவர் உண்டு. உயிர் வாழ்வது வேறு, நன்றாக வாழ்வது வேறு. இங்கிலாந்து நாட்டின் அண்டைப் பகுதியான வேல்சிலுள்ள கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர்கள் 1994இல் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். தோல் நோயினால் ஒருவருக்கு வெட்கம் ஏற்பட்டதா, உடை தேர்ந்தெடுப்பதில் தடை உண்டா, வேலையும் படிப்பும் கெட்டனவா, நண்பர்களுடனும் துணைவருடனும் பழகுவதில் இடர் உண்டா என்றெல்லாம் அது கேட்கிறது. அத்தகைய அளவுகோல்களால் அளந்தபோது, கடுமையான மிகைவியர்வை உள்ளவர்களின் துன்பம், பலரும் அஞ்சும் பெரிய தோல் நோய்களின் துன்பத்துக்குச் சற்றும் குறைந்ததன்று என்று தெரியவந்தது.

நம் வாழ்விலிருந்தே சொல்கிறேன். தேர்வு எழுதும் மாணவியின் உள்ளங்கை ஈரத்தால் விடைத்தாள் நனைந்து மை பரவுகிறது. போட்டித் தேர்வின் விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கும்போது ஒரு துளி வீழ்ந்தால் உழைப்பெல்லாம் கெடுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தால் மேலும் வியர்வை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை பயிலும் இளைஞன் மெருகேற்றிய இரும்புத் துண்டைத் தொட்டால் மறுநாள் அவன் விரல் பட்ட இடமெல்லாம் துரு. உலோகத் தொழிற்கூடங்களில் பழங்காலந்தொட்டு அறியப்பட்ட சங்கதி இது. ஆனால் மேற்பார்வையாளர் அதை அறியாதவராயின் 'துடைத்து வைக்கத் தெரியாத சோம்பேறி' என்று பெயர் வைத்துவிடுவார். மின்பணியில் இருப்பவர்க்கோ இது உயிராபத்து. ஈரமான தோலில் மின்சாரம் எளிதில் பாயும். நியாயவிலைக் கடையிலும் அலுவலகத்திலும் கைரேகைக் கருவி ஈரமான விரலை ஏற்க மறுக்கிறது. அப்போது விரலை நன்கு துடைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். அதுவும் தவறினால் கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழியைக் கேளுங்கள்.

அன்பர்களே, நம் சமுதாயத்துக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தொடுதலை மறுத்த நாடு இது. நம் பிள்ளை நீட்டிய கையை ஒருவர் பற்றத் தயங்கினால், ஈரத்தால் தயங்கினாரா, சாதியால் தயங்கினாரா என்று அவன் இரவெல்லாம் எண்ணிக் குமைகிறான். வகுப்பில் 'நாற்றம்' என்று எவரேனும் முகம் சுளித்தால், அச்சொல் நம்மீது எத்தனை காலமாக எறியப்பட்டது என்பதும் அவன் நினைவுக்கு வருகிறது. பிறருக்கு வெறும் கூச்சமாக நிற்பது நம் பிள்ளைக்கு அவமானமாக வளர்கிறது. கையை நீட்டாமலே பழகிக்கொள்கிறான். நேர்முகத் தேர்வுக்குச் செல்வதைத் தவிர்க்கிறான். பெண்ணாயின் திருமணப் பேச்சையே அஞ்சுகிறாள்.

இங்கே அறிவியல் கூறுவதைக் கேளுங்கள். உள்ளங்கையிலும் நெற்றியிலும் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே; அதற்கு மணமில்லை. அக்குளில் உள்ள வேறுவகைச் சுரப்பிகளின் கசிவைத் தோலில் வாழும் நுண்கிருமிகள் சிதைக்கும்போதே வாடை எழுகிறது. இக்கிருமிகள் எல்லா மனிதர் தோலிலும் உள்ளவை. அவற்றுக்குக் குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. குளிக்கத் தண்ணீரும் மாற்றுடையும் உள்ளவனுக்கு வாடை குறைகிறது. அவை இல்லாதவனுக்கு மிகுகிறது. ஆகவே இது பிறப்பின் குறையன்று, குழாயடியின் குறை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வியர்வை

உறக்கத்தில் நின்றுவிடும் வியர்வையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மாறாக, இரவில் படுக்கை நனையுமளவு வியர்ப்பது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை உடனிருந்தால் காசநோய்ப் பரிசோதனை உடனே செய்துகொள்ள வேண்டும். நெருக்கமான வீடுகளும் புகையும் நிறைந்த வடசென்னையில் இதனை அலட்சியம் செய்யலாகாது. அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். காசநோயாளிகள் சானடோரியத்துக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்த ஆய்வு நம் சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில்தான் நடந்தது. அதன் முடிவு 1959இல் வெளிவந்தது. அவ்வாய்வில் பங்குகொண்டவர்கள் இந்நகரின் ஏழை எளியவர்களே.

உடல் முழுவதும் வியர்த்து, நெஞ்சு படபடத்து, உண்டும் மெலிந்தால் தைராய்டுச் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்துண்பவர் திடீரென நடுங்கிக் குளிர்ந்து வியர்த்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். உடனே சர்க்கரையோ வெல்லமோ தர வேண்டும். நெஞ்சுவலியோடு குளிர்ந்த வியர்வை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகளும் மாதவிடாய் நிற்கும் பருவமும் வியர்வையை மிகுவிக்கும். ஆதலின் 25 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் மிகைவியர்வைக்குக் காரணம் தேடாமல் மருந்து தேடாதீர்கள்.

சிகிச்சை முறைகள்

இனி மருத்துவம். படிப்படியாக ஏறுவதே இதில் முறை.

முதற்படி, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்து. நூற்றுக்கு 15 முதல் 20 வரை வலிமையுள்ள கரைசலை இரவில் படுக்கப்போகும்போது, நன்கு உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். இது சுரப்பியின் வாயில்களைத் தற்காலிகமாக அடைக்கிறது. ஈரத் தோலிலும் மழித்த உடனேயும் பூசினால் எரிச்சல் உண்டாகும். தொடக்கத்தில் தினமும் பூசி, பயன் தெரிந்தபின் வாரம் ஓரிரு முறை பூசினால் போதும். நம் வீடுகளில் உள்ள படிகாரமும் அலுமினிய உப்பே. ஆனால் அதன் வலிமை இதற்கு ஈடாகாது.

இரண்டாம் படி, கைக்கும் காலுக்கும் ஏற்ற மின்னோட்டச் சிகிச்சை. தட்டிலுள்ள நீரில் கையை வைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தை 20 முதல் 30 நிமிடம் செலுத்துவார்கள். வாரம் மூன்று முறையாகச் சில வாரங்கள் செய்தால் வியர்வை வெகுவாகக் குறையும்; பின்னர் இடைவெளிவிட்டுத் தொடர வேண்டும். கருவுற்ற பெண்களும் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் செய்துகொள்ளலாகாது. நம் இளைஞர்கள் கைத்தொழில் வல்லவர்கள்; வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இக்கருவியைத் தாமே செய்து பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். அது உயிரைக் குடிக்கும்.

மூன்றாவது, பொட்டுலினம் ஊசி. நரம்பு சுரப்பிக்கு அனுப்பும் செய்தியை இது தடுக்கிறது. அக்குள் வியர்வைக்கு 2004இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதனை ஏற்றது. பயன் சில மாதங்கள் நீடிக்கும். பின்னர் மீண்டும் போட வேண்டும். செலவு மிகுதி.

நான்காவது, ஆக்ஸிபியூட்டினின், கிளைகோபைரோலேட் போன்ற மாத்திரைகள். இவை உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்படலாம். இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. உலை முன்னும் வெயிலிலும் உழைப்பவன் இம்மாத்திரையை உண்டால், உடலைக் குளிர்விக்கும் ஒரே வழியும் அடைபட்டு வெப்பத் தாக்குக்கு ஆளாகலாம். மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் நோயை மட்டுமன்று, உங்கள் வேலையையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இறுதிப்படி அறுவை. மார்புக்குள் கருவியைச் செலுத்திப் பரிவு நரம்பைத் துண்டிப்பார்கள். உள்ளங்கை உடனே உலர்ந்துவிடும். ஆனால் பெரும்பாலோர்க்கு அந்த வியர்வை முதுகிலும் மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் பெருக்கெடுக்கிறது. துண்டித்த நரம்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. வெப்ப நாடான தைவானில் இவ்வறுவை மிகுதியாகச் செய்யப்பட்டுப் பின்விளைவுகளைக் கண்டபின், 2004இல் 20 வயதுக்கு உட்பட்டோர்க்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. எண்ணூரும் வெப்ப ஊரே. மற்றெல்லா வழிகளையும் முயன்றபின்னரே இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தைக் கண்டு கடன் வாங்கிச் செய்துகொள்ளலாகாது.

இன்னொன்று. ஈரத் தோலில் படர்தாமரை எளிதில் பற்றும். கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், ஆனால் நோய் பரவி, பின்னர் எம்மருந்துக்கும் அடங்காமல் நிற்கும். இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பொது மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன. ஒரு நாள் கூலி போனாலும் அங்கே சென்று காட்டுவதே சிக்கனம்.

பண்டிதர் அயோத்திதாசர் நம் இதழியலின் முன்னோடி மட்டுமல்லர். அவர் தேர்ந்த சித்த மருத்துவரும் ஆவார். மருந்தறிவு நமக்கு அயலன்று. அவ்வறிவை மீண்டும் நம் கைக்குக் கொணர்வதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

தொழிலிடத்தில் தண்ணீர்

ஒருவனுடைய மிகைவியர்வைக்கு மருந்து தரலாம். ஓர் ஊரே வியர்த்து வாடுவதற்கு என்ன மருந்து?

1948இல் இங்கே அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கிற்று. 2001இல் துறைமுகம் செயல்படத் தொடங்கிற்று. இவை யாவும் நம்மவர் உழைப்பையும் உண்டு வளர்ந்தவை. கடும் வெப்பத்தில் உழைப்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். புதிதாக வெப்பத்தில் வேலைக்குச் சேர்பவனின் உடல் அதற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாளே முழு வேலை வாங்குவது கொடுமை. மயக்கமும் பிதற்றலும் கண்டால் அவனை நிழலுக்குக் கொணர்ந்து, உடலை நனைத்து விசிறி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 250க்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலையில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரப்பட வேண்டும் என்று விதித்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது கிட்டியதா என்பதை இங்கிருக்கும் பெரியோர்கள் தம் மனத்தையே கேட்டுக்கொள்ளட்டும். சென்னைப் போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. நிவாரணம் நல்லதே. ஆயினும் மரணத்தின் பின் வரும் நான்கு இலட்சத்தைவிட, வேலையின் நடுவில் வரும் நான்கு குவளை நீரே உழைப்பாளிக்குப் பயன்.

பொதுக் குளத்தின் நீரைப் பருகும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றார். தண்ணீர் கேட்பது இரத்தல் அன்று என்பதை அந்நாள் நமக்குக் கற்பித்தது.

நாம் செய்யக்கூடியவை

இறுதியாகச் சங்கத்துக்குச் சில வேண்டுகோள்கள். நம் மாலை வகுப்புகளில் ஒவ்வொரு மேசையிலும் மை ஒற்றும் தாள் வையுங்கள். கை வியர்க்கும் பிள்ளை கேட்டுப் பெற வேண்டிய நிலை வேண்டா. ஆசிரியர்கள் அப்பிள்ளையின் தாளை எடுத்துப் பிறருக்குக் காட்டி நகைக்க இடந்தராதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கூறப்பட்ட 21 வகைகளுள் மிகைவியர்வை இல்லை; ஆதலின் சட்டம் தராத சலுகையை நம் அன்புதான் தர வேண்டும். மாதம் ஒரு நாள், மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சும் இளைஞர்களை மூத்த உறுப்பினர் ஒருவர் உடனழைத்துச் செல்லட்டும். படிவம் நிரப்பவும் பிரிவைக் கண்டறியவும் ஒருவர் துணையிருந்தால், பாதி நோயாளிகள் பாதி வழியில் திரும்பமாட்டார்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் போனசோடு குடிநீரையும் ஓய்வு நிழலையும் கோரிக்கையில் சேருங்கள்.

இளைஞர்களே! கை ஈரமாக இருக்கிறது என்பதற்காக நீட்டிய கையை மடக்காதீர்கள். உங்களுக்குள்ள குறைக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, மருந்தும் உண்டு. வெட்கத்துக்கு மட்டும் இடமில்லை.